தண்ணீர் பிடித்த பிறகுதான் பந்து: தாராவி நாட்குறிப்பு

9 ஜனவரி 2025, வியாழன்

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குச் சிறிய விமானம், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு முழு நாள் ரயில். மும்பையின் தாதரில் என்னை அழைத்துப்போக வந்தவர் நான் தங்கப்போகும் வீட்டு அண்ணன். கையில் வடா பாவ் பொட்டலம். "மொதல்ல இதச் சாப்பிடும்மா. வீட்டுக்குப் போனா இட்லிதான். காலையிலயும் இட்லி, ராத்திரியும் இட்லி" என்றார். அவர்களுக்கு இட்லி வியாபாரம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் வந்த விஷயம் இதுதான். தாராவியில் உள்ள தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் (நெட்பால்) பழக்க ஒரு சிறிய அமைப்பு ஆள் தேடியது. சம்பளம் கிடையாது, பயணச் செலவும் தங்க ஒரு வீடும் உண்டு. பாடசாலைக் காலம் முழுக்க நான் சென்டர், அதாவது நடு இடத்தில், ஆடியவள். இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு கழகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் படிக்கும் பாடசாலை என்றால் மைதானத்தில் வலைப்பந்துக் கம்பம் நிற்கும். இங்கே பெயரைச் சொன்னதும் "பாஸ்கெட் பாலா?" என்கிறார்கள். அதற்காக இது இந்தியாவுக்கே புதிது என்று நினைத்துவிட வேண்டாம். நாஸ் அறக்கட்டளை 2006இலேயே டெல்லியில் 'கோல்' திட்டத்தைத் தொடங்கி, வலைப்பந்தாட்டத்தோடு உடல்நலம், பணம் கையாளுதல் எல்லாவற்றையும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. பிறகு அது மும்பைக்கும் வந்தது. நான் வந்திருக்கும் அமைப்பு வேறு, அந்த அளவுக்கு வசதியும் இல்லை.

வெளிநாட்டு ஆள் வீட்டில் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரர் 'படிவம் சி' பதிய வேண்டுமாம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மூத்த மகள் கைபேசியில் என் கடவுச்சீட்டைப் படம் பிடித்து அதை முடித்துவிட்டாள். ஆச்சிக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. "இவ நமக்கு என்ன மொறை ஆகணும்?" கொஞ்ச நேரம் விசாரணை நடந்தது. கடைசியில் வீட்டு அம்மாவை நான் அக்கா என்பது, அவர் கணவரை அண்ணன் என்பது, மூத்தவளும் என்னை அக்கா என்பது என்று முடிவானது. கணக்கு எங்கேயோ இடிக்கிறது. ஆனாலும் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வெள்ளி

வீடு ஒரே அறை. கோலி என்கிறார்கள். பத்துக்குப் பதினைந்து அடி இருக்கும். ஒரு மூலையில் மோரி, அரைச் சுவர் வைத்தது. குளிப்பதும் அங்கேதான், பாத்திரம் கழுவுவதும் அங்கேதான், தண்ணீர் பிடித்து வைப்பதும் அங்கேதான். சுவரோரமாக ஓர் இரும்பு ஏணி ஏறக்குறைய நேர் மேலே போகிறது. மேலே ஆச்சி, மூத்தவள், நான். கழிப்பறை தெருக்கோடியில், வரிசையில்.

விடிய மூன்று மணிக்குக் கீழே அடுப்பு எரியத் தொடங்கும். மாவு முதல் நாள் மாலையே கிரைண்டரில் அரைத்துப் புளிக்க வைத்தது. ஆவி ஏணித் துவாரத்தின் வழியே எங்களிடம் வரும். ஜனவரிக்கு அது சுகம்தான். மே மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மே மாசம் ஊருக்குப் போயிருவோம்" என்றார் ஆச்சி. ஊர் என்றால் திருநெல்வேலிப் பக்கம். அந்தக் காலத்தில் தாராவித் தோல் கிடங்குகளில் வேலை செய்ய அங்கிருந்து கூட்டமாக வந்தவர்களின் குடும்பம் இது. கிடங்குகள் பெரும்பாலும் போய்விட்டன. இட்லி இருக்கிறது.

தூக்கம் கலைந்ததால் இறங்கிப்போய்ப் பார்த்தேன். தட்டுகளில் ஈரத் துணி விரித்து மாவு ஊற்றியிருந்தது. வெந்த தட்டை அக்கா வெறுங்கையால் தூக்கி, பலகையில் தலைகீழாகக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து, ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் உரிக்கிறார். ஒன்றுகூடப் பிய்யவில்லை. ஒரு தட்டு உரிந்து முடிவதற்குள் அடுத்த தட்டு உள்ளே போய்விடுகிறது. அகலமான அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, அதன் மேல் வடை, பக்கத்தில் சட்னித் தூக்கு, சாம்பார் கேன். ஆறு மணிக்கெல்லாம் சைக்கிள்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். அண்ணனும் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அழுத்தியபடி குர்லா பக்கம் கிளம்பிவிட்டார்.

இதற்கிடையில் ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். முழுத் தெருவும் எழும்புவது அப்போதுதான். ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் ஓடும், பிறகு நின்றுவிடும். நீல டிரம்களை நிரப்புவது, குடத்தை ஏணியில் ஏற்றுவது, துணி துவைப்பது, எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றேன்: பெரும்பாலும் பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரையான பெண் பிள்ளைகள். நான் பழக்க வந்த அதே பிள்ளைகள்.

அமைப்பு எனக்கு அனுப்பிய அட்டவணையில் 'காலை 6 முதல் 8 வரை பயிற்சி' என்று இருந்தது. எழுதியவர் வீட்டில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும் போலிருக்கிறது. அக்கா அதை வாங்கிப் பார்த்தார். "ஆறு மணிக்கு ஒருத்தியும் வர மாட்டா. வந்தா அவ வீட்ல சண்டை. ஏழே கால்னு மாத்து."

மாற்றினேன்.

சனி

மைதானம் என்பது ஒரு பள்ளியின் பின்புறச் சிமெந்துத் தரை. வலைப்பந்துத் தளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம் இருக்க வேண்டும். இங்கே பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கம்பம் இல்லை. பழைய கூடைப்பந்து வளையம் ஒன்று பலகையோடு நிற்கிறது. உயரம் சரிதான், இரண்டு விளையாட்டுக்கும் 3.05 மீற்றர். ஆனால் வளையம் பெரிது. பலகை வேறு இருக்கிறது. அதில் அடித்துப் போடப் பழகிவிட்டால் பிறகு கையைத் திருத்துவது பெரிய கரைச்சல். அதனால் கோல் போடும் பேச்சையே விட்டுவிட்டு, கால் வைப்பதையும் பந்து கொடுப்பதையும் மட்டும் பழக்கினேன்.

பந்தைப் பிடித்தவள் ஓடக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டு போகவும் கூடாது. மூன்று விநாடிக்குள் கையை விட்டுப் போக வேண்டும். இதைக் கேட்டதும் ஒரு பிள்ளை "அப்போ பந்து கெடச்சவ பாவம்" என்றாள். நான் கேட்ட விளக்கங்களில் இதுவே சிறந்தது. பந்து கிடைத்தவளால் அசைய முடியாது, மற்ற ஆறு பேரும் அவளுக்காக ஓட வேண்டும். விளையாட்டே அதுதான்.

இந்தப் பிள்ளைகள் கபடியிலும் கோ-கோவிலும் வளர்ந்தவர்கள். கபடிக்காரிகளிடம் பந்தைக் கொடுத்தால் எதிராளியின் இடுப்பைப் பிடிக்கிறார்கள். உடம்பு உரசினாலே தவறு என்று விசில் ஊதி ஊதி எனக்குத் தொண்டை வறண்டது. கோ-கோக்காரிகள் கதை வேறு. ஒருத்தி முழு வேகத்தில் ஓடிவந்து, காற்றில் பந்தை வாங்கி, ஒற்றைக் காலில் இறங்கி அப்படியே நின்றாள். குதிகால் அசையவில்லை. எங்கள் கழகத்தில் இதற்கு ஆறு மாதம் எடுக்கும். அவளுக்குச் சென்டர் பட்டி, ஆடும் இடத்தின் எழுத்துப் போட்ட மேலாடை, கொடுத்தேன்.

மிக உயரமான பிள்ளை ஒருத்தி கடைசியில் நின்றாள். தோள் இரண்டையும் முன்னால் தள்ளி, கழுத்தைக் குனிந்து. உயரம் பற்றி வீட்டிலும் தெருவிலும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை, யாழ்ப்பாணத்துக்காரர், 2.08 மீற்றர், 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் எல்லாரையும்விட அதிகக் கோல் போட்டவர், 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது வளையத்தடியில் நின்றவர். பிள்ளை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இவங்களுக்குச் செருப்பு எங்க கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அவள் எங்கள் கோல் கீப்பர்.

ஞாயிறு

வளையம் செய்ய வெல்டரைத் தேடிப் போனோம், மூத்தவளும் நானும். தாராவியில் எதையாவது செய்ய ஆள் தேடுவது சுலபம், நடந்து போவதுதான் கஷ்டம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய சந்துகள். மேலே வயர், கீழே மூடிய சாக்கடை, நடுவில் நாங்கள்.

வெல்டர் உத்தரப் பிரதேசத்துக்காரர். மூத்தவள் ஹிந்தியில் விளக்கினாள்: 15 மில்லிமீற்றர் கம்பி, வளையத்தின் உட்புற விட்டம் 38 சென்ரிமீற்றர், கம்பத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டாள். கம்பியின் நடுவிலிருந்து நடு வரை விட்டம் 39.5, அதை 3.14ஆல் பெருக்கினால் 124 சென்ரிமீற்றர். அவள் பெருக்கி முடிப்பதற்குள் வெல்டர் கம்பியில் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டிவிட்டார். "இன்னும் அளவே சொல்லலையே!" என்று பதறினாள். வெட்டிய துண்டை டேப்பில் பிடித்துப் பார்த்தோம். நாலு அடி ஒரு அங்குலம். அதாவது 124 சென்ரிமீற்றரும் அரையும். "அந்த அரை எதுக்கு?" என்று கேட்டாள். வெல்டிங்கில் தின்றுவிடும் என்றார் அவர். மூத்தவள் கொப்பியை மூடினாள்.

கம்பத்தை நட வழியில்லை, பள்ளித் தரையைத் தோண்ட விட மாட்டார்கள். பழைய லாரி டயருக்குள் கம்பத்தை நிறுத்திச் சிமெந்து ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கம்பத்துக்கும் அவர் கேட்ட தொகையைப் பின்னால் வந்த அக்கா இருநூறு ரூபாய் குறைத்தார். நான் கேட்டிருந்தால் இருநூறு கூடியிருக்கும்.

மாலையில் சயானிலிருந்து ஒரு நிறுத்தம் லோக்கலில் போய் மாட்டுங்காவில் இறங்கினோம், பூவும் மஞ்சள் கொத்தும் வாங்க. சயானில் தண்டவாளத்துக்கு மேலிருந்த 1912ஆம் ஆண்டுப் பாலத்தைப் போன ஆகஸ்டிலிருந்து மூடிவிட்டார்கள். அதனால் நிலையத்துக்குப் போவதற்கே சுற்று. மாட்டுங்கா நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவரிலிருந்து காவலர் வரை எல்லாரும் பெண்கள், 2017இலிருந்து அப்படித்தான் என்று மூத்தவள் சொன்னாள். சொன்னவள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் நடந்தாள். இத்தனைக்கும் வாராவாரம் வருகிற இடம்.

திங்கள்

தண்ணீர் ஏழு மணிக்குத்தான் வந்தது. ஏழே காலுக்கு மைதானத்தில் நானும் இரண்டு கம்பங்களும் மட்டும். எட்டரைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளி. அன்று பயிற்சி இல்லை.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் போல. அக்கா சட்னிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டே, "எத்தனை புள்ளைக வேணும் ஒனக்கு?" என்றார். "ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், பதினாலு." தேங்காயைக் கீழே வைத்துவிட்டு வெளிக்கிட்டார். நானும் பின்னால் போனேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் பார்த்த பேரம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. முதல் வீட்டில் தாய் வேலைக்குப் போய்விடுவார், தண்ணீர் பிடிக்க மகளைத் தவிர ஆள் இல்லை. "எம் மகன் சும்மாதான நிக்கான், அவன் புடிச்சு வைப்பான். நீ அவளை விடு." அடுத்த வீட்டில் தண்ணீர் பிரச்சினை இல்லை, பாட்டிக்குத்தான் பிரச்சினை: வயசுக்கு வந்த பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஆடுவதாவது! "யாரு சொன்னா அரைக்கால்னு? சுடிதார் பேன்ட்தான். நானே தச்சுத் தாரேன்." இன்னொரு வீட்டில் அம்மா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். அக்கா பேசாமல் அங்கேயே உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து கால் மணித்தியாலம் பூண்டு உரித்தார். எழும்பும்போது, "சனிக்கிழமை மட்டும் விடு. நான் கூடப் போறேன்" என்றார். சரி என்று தலையாட்டல்.

அக்காவின் மகன், பதின்மூன்று வயது, தன்னைக் கேட்காமலே தன்னை மூன்று வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க ஒப்புக்கொடுத்த செய்தியை இரவு இட்லி சாப்பிடும்போதுதான் அறிந்தான். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

செவ்வாய், பொங்கல்

90 அடிச் சாலையின் ஓரம் முழுக்கச் செங்கல் அடுப்பு. வீட்டுக்குள் பொங்கினால் புகை எங்கே போகும்? அதனால் எல்லாரும் தெருவில்தான். புதுப் பானைக்கு அலைய வேண்டியதில்லை, சௌராஷ்டிரத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக மண் பிசையும் குயவர்களின் கும்பார்வாடா தாராவிக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் பொங்கினால் வெடி கொளுத்துவோம். இங்கே பால் பொங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள், ஒரு அடுப்பில் தொடங்கி வரிசையாக. நானும் முயன்றேன், ஆச்சி சிரித்துவிட்டார்.

பயிற்சி இல்லாத நாள்தான். ஆனாலும் மத்தியானம் நாலைந்து பேர் பந்து கேட்டு வந்துவிட்டார்கள். இரவு கோ-கோக்காரி ஓடிவந்து கைபேசியைக் காட்டினாள். டெல்லியில் முதலாவது கோ-கோ உலகக் கோப்பை நடக்கிறது, இந்தியப் பெண்கள் தென்கொரியாவை 175-18 என்று வென்றிருக்கிறார்கள். தலைவி பிரியங்கா இங்கிளே மகாராஷ்டிரத்துக்காரர். "நம்ம ஊரு பொண்ணு" என்றாள் திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை.

வியாழன்

நேற்றும் இன்றும் தண்ணீர் நேரத்துக்கு வந்தது, பதினொரு பேர் வந்தார்கள். சொல்ல வேறொன்றும் இல்லை. சிமெந்துத் தரை முழங்காலைப் பதம் பார்க்கிறது.

வீட்டில் பேச்சு முழுக்கத் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கான கணக்கெடுப்பு பற்றித்தான். கதவுகளில் சாயத்தால் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்கும் தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு என்பது திட்டம். இந்தக் கோலியின் இரண்டு மடங்குக்கும் மேல், சொந்தக் கழிப்பறையோடு. அண்ணன் பழைய மின் கட்டண ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து வைத்திருக்கிறார். ஆச்சிக்கு மட்டும் ஒப்பவில்லை. "பதினஞ்சாவது மாடியில மூணு மணிக்கு அடுப்பு மூட்ட விடுவானா? சைக்கிளை லிஃப்ட்ல ஏத்துவானா?" ஒருவரிடமும் பதில் இல்லை.

வெள்ளி

கோ-கோ ஆண்கள் காலிறுதியில் இந்தியா இலங்கையை 100-40 என்று சாத்திவிட்டது. பிள்ளைகள் என்னை விடவில்லை. வலைப்பந்தாட்டத்தில் எங்கள் பக்கம் வாருங்கள் பார்ப்போம் என்றேன். போன அக்டோபரில் பெங்களூருவில் நடந்த ஆசியக் கிண்ணத்தை நாங்கள் சிங்கப்பூரிடம் பறிகொடுத்ததை மூத்தவள் தேடிப் பிடித்து வாசித்தாள். கூகுள் இருக்கிற வீட்டில் வீரம் பேசக் கூடாது.

சனி

மாஹிமில் ஹார்பர் வழி ரயில் ஏறி, கிங்ஸ் சர்க்கிள் தாண்டி வடாலா, ஆட்டத்துக்கு. பெண்கள் பெட்டியில் பிள்ளைகள், நான், அக்கா. அக்கா இன்று முதல் முறையாகச் சட்னி வேலையை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கூடையில் இட்லி.

எதிரணி கோவண்டியிலிருந்து. ஒரு வருடமாக ஆடுகிறவர்கள், சப்பாத்து முதற்கொண்டு எல்லாம் சரியாக இருந்தது. ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளையும் தலா பத்து நிமிடம் என்று சுருக்கினோம். முதல் கால் பகுதியில் 1-7. எங்கள் பிள்ளைகள் பந்து கிடைத்தவுடன் திகைத்து நிற்க, மூன்று விநாடி போய்விடுகிறது, விசில். இரண்டாம் காலில் சென்டர் பிள்ளைக்கு ஏதோ பிடிபட்டது. பந்து வாங்க ஓடாமல், முதலில் எதிர்ப்பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். கோ-கோவில் துரத்துகிறவளை ஏமாற்றும் அதே வெட்டு. காவல் நின்றவள் அந்தப் பக்கமே போய்விட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக.

கோல் கீப்பர் மூன்றாம் காலில்தான் நிமிர்ந்தாள். ஒரு பந்தை வளையத்துக்கு மேலேயே இரண்டு கையாலும் எடுத்தாள். எடுத்துவிட்டு, தவறு செய்தவள் மாதிரி நடுவரைப் பார்த்தாள். நடுவர் விளையாடு என்று கை காட்டினார். அதன் பிறகு அவள் பக்கம் உயரப் பந்து போடவே அவர்கள் யோசித்தார்கள்.

11-17. தோற்றோம். இட்லியை இரண்டு அணியும் சேர்ந்து முடித்தோம். பூண்டு உரித்த வீட்டுப் பிள்ளை ஐந்து கோல் போட்டாள்.

ஞாயிறு

இன்று மும்பை மரதன். மாஹிம் பக்கச் சாலைகள் அடைப்பு என்பதால் அண்ணன் வழக்கமான வழியை மாற்றினார். கூட்டத்தில் வடை நேரத்தோடு தீர்ந்துவிட்டதாம். இரவு கோ-கோ இறுதி: பெண்கள் நேபாளத்தை 78-40, ஆண்களும் நேபாளத்தையே. தெருவில் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஆச்சி இரண்டு தரம் எழும்பினார்.

அடங்கிய பிறகு அக்கா ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் மேலே காட்டினார். நேற்றைய ஆட்டம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "அந்தப் பின்னாடி நிக்கிற புள்ள இருக்காள்ல, டி போட்ட பட்டி, அவ பந்த பாத்துக்கிட்டே நிக்கா, ஆளைப் பாக்க மாட்டேங்கா. அவளை நடுவுல போடு. நடுவுல நிக்கிறவளை அங்க போடு."

கோல் டிஃபென்ஸைத்தான் சொல்கிறார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனால் சென்டரை மாற்ற மனம் வரவில்லை என்றேன்.

"நீ மாத்திப் பாரு. இன்னொண்ணு, லேபர் கேம்ப்லருந்து ரெண்டு புள்ளைக வாறாளுவ, நாளைக்கு. அவுக தெருவுல தண்ணி ஆறு மணிக்கே நின்னுரும், அதனால ஏழுக்கே வந்து நிப்பாளுவ. நீ சீக்கிரம் போயிரு."

பயிற்சி இனி ஏழு மணிக்கு.